எழுபது நொடி கலைந்த முகம்

ஜூலை 21, திங்கள்

காலை பெருங்களத்தூர் மண்டபத்தில் திரையைக் கழற்றி வண்டியில் ஏற்றினோம். நேற்று ரிசப்ஷனில் கூட வேலை பார்க்கிற உமேஷ் மறுபடியும் மானத்தை வாங்கிவிட்டான்.

எல்.இ.டி. திரை என்று ஜனங்கள் ஒரே பொருளாகச் சொல்கிறார்கள். அது நாற்பது பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கார்டு. படத்தில் எந்தத் துண்டை நீ காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு கார்டுக்கும் லேப்டாப்பிலிருந்து சொல்ல வேண்டும். சொன்னவுடன் காட்டும். ஆனால் 'சேவ்' அழுத்தினால்தான் நினைவில் வைக்கும். அழுத்தாமல் விட்டால் கரண்ட் போய் வந்ததும் பழைய வரிசைக்கே திரும்பிவிடும். இதை உமேஷிடம் ஐம்பது தடவை சொல்லியாயிற்று. ஆத்திரம் அடங்கட்டும் என்று இங்கேயும் ஒரு தடவை எழுதுகிறேன்.

நேற்று கரண்ட் போய் வந்தது. மாப்பிள்ளையின் மீசை பொண்ணு மூக்குக்குக் கீழே வந்து நின்றது. மண்டபமே சிரித்தது, மாப்பிள்ளையின் அப்பா உட்பட. சிரிக்காத ஒரே ஆள் எங்கள் ஓனர் ஸ்ரீரங்கன் சார். "உமேஷ், இது ரெண்டாவது தடவை. மூணாவது தடவைன்னா நீ வேற இடம் பாத்துக்கோப்பா."

வண்டியில் வரும்போது, "சேவ் அழுத்தாம லேப்டாப்பை மூடுறவனை எல்லாம் நாடு கடத்தணும்டா" என்றேன். "கடத்து, மிருதுளாவையும் சேர்த்துக் கடத்து, ஏழாவது மாசம்" என்றான். அப்புறம் வழக்கமான சண்டை. அவன் போன் முகப்பில் பிரதமர் படம். ஏதாவது சொன்னால் போதும், "அவரைச் சொன்னா நாட்டைச் சொன்ன மாதிரிடா" என்பான். நான் சொன்னேன்: "நாடு ஓனரு. அவரு மேனேஜரு. அஞ்சு வருஷ கான்ட்ராக்ட்." "உனக்கு எல்லாமே கான்ட்ராக்ட்தான்டா. தேசபக்தின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" தெரியாது என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன். மிருதுளா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தில் பாதியை என் டப்பா மூடியில் கொட்டினான். சண்டை முடிந்தது.

வியாழக்கிழமை பெரிய நிகழ்ச்சி. வண்டலூர் தாண்டி ஒரு காலேஜ்.

ஜூலை 24, வியாழன்

தூக்கம் வரவில்லை. எதுக்கு வரக் கூடாது? ஒரு டெக்னிகல் ஃபால்ட். அவ்வளவுதான்.

வரிசையாக எழுதுகிறேன்.

பிரதமர் டெல்லியிலிருந்தே நூறு ஊர்களில் தொழிற்பயிற்சி மையங்களைத் திறக்கிறார். அதில் ஒன்று இந்தக் காலேஜ். அவர் பேசுவதை மேடையில் எங்கள் திரையில் காட்ட வேண்டும். எட்டு மணிக்கு நான் வரிசை போட்டு சேவ் பண்ணிவிட்டேன். ஒன்பதரைக்குக் காலேஜ்காரர்கள் வந்து, பூ அலங்காரம் மறைக்கிறது, அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டு என்றார்கள். மொத்தத்தையும் பிரித்து மறுபடி அடுக்கினோம். அதற்குள் டெல்லி லைன் சரியில்லை என்று என்னைக் கன்ட்ரோல் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். புது வரிசையை உமேஷ்தான் போட்டான். திரும்பி வந்தேன். படம் சுத்தமாக இருந்தது. "சேவ் பண்ணியா?" என்றேன். போனில் இருந்தான். மிருதுளாவுக்கு இன்று ஸ்கேன். "ம்ம்" என்றான்.

அந்த "ம்ம்"மை நான் சரிபார்க்கவில்லை.

11.12க்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் போடும் ஞானையா அண்ணன் நாலு நொடியில் மாற்றிவிட்டார். நல்ல வேகம். திரை வந்தது. பிரதமரின் தாடை மேலே. நெற்றி கீழே. ஒரு கண் நெஞ்சில். குரல் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் நாட்டு முன்னேற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது.

தொள்ளாயிரம் மாணவர்கள். முதலில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி. மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால் எதற்குச் சிரிப்பு என்று தெரியாமல் அவர்களும் கொஞ்சம் சிரித்தார்கள். ஞானையா அண்ணன் பின்னாலிருந்து கத்தினார்: "தம்பி, இன்னாபா இது, ஒரு கண்ணு வயித்துல கீது!"

லேப்டாப் மறுபடி இணைய, வரிசையை அனுப்ப, எழுபது நொடி. இந்தத் தடவை சேவும் அழுத்தினேன்.

ஸ்ரீரங்கன் சார் ஓடி வந்தார். முகம் செக்கச்செவேல். "யாரு? யாரு பண்ணது?" உமேஷ் திரைக்குப் பின்னால் கேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூணாவது தடவை. ஏழாவது மாதம். எனக்கு யோசிக்க ரெண்டு நொடிகூட ஆகவில்லை.

"நான்தான் சார். சேவ் விட்டுப்போச்சு."

திட்டினார். வாங்கிக்கொண்டேன். என்னைத் துரத்த மாட்டார், எனக்கு இது முதல் தடவை. உமேஷ் என்னைப் பார்க்கவேயில்லை. சாப்பிடவும் வரவில்லை.

நாளைக்கு எல்லாம் அடங்கிவிடும்.

ஜூலை 25, வெள்ளி

அடங்கலை.

யாரோ ஒரு மாணவன் எடுத்த வீடியோ. மத்தியானத்துக்குள் பதினோரு லட்சம் பேர். அதுகூடப் பரவாயில்லை. எங்க கம்பெனி ஃபேஸ்புக் பக்கத்தில் என் பெயரைப் பிடிச்சு, அதிலிருந்து என் பக்கத்துக்கு வந்து, போன வெள்ளத்தப்போ நான் எழுதின ரெண்டு வரியைத் தோண்டி எடுத்திருக்காங்க. அதை இங்க அப்படியே எழுதி வைக்கிறேன். நான் என்ன எழுதினேன்னு எனக்கே சந்தேகம் வந்திடக் கூடாது.

"ஹெலிகாப்டர்ல இருந்து பாத்தா தண்ணி மட்டும்தான் தெரியும். முடிச்சூர்ல மொட்டை மாடியில நிக்கிறவங்க தெரிய மாட்டாங்க. இறங்கி வாங்க சார்."

அவ்வளவுதான். 'சார்'னு வேற போட்டிருக்கேன்.

அதன் கீழே: "இப்ப புரியுதா? திரை தானா கலையலை." "பேரைப் பாருங்க, ஜெரோம்." "நாட்டைக் கேவலப்படுத்தின துரோகி." நான் எந்தெந்த நாட்டுக்குப் போகணும்னு ஒருத்தன் லிஸ்ட்டே போட்டிருக்கான். திங்கட்கிழமை நான் உமேஷிடம் சொன்ன ஜோக் ஞாபகம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

காலேஜுக்கு ஸ்ரீரங்கன் சார் அனுப்பிய மெயிலும் வெளியே வந்துவிட்டது. "எங்கள் டெக்னீஷியன் ஜெரோம் தன் தவறை ஒப்புக்கொண்டுள்ளார்." அதை வெட்டி, சிவப்பு வட்டம் போட்டு, "ஒப்புக்கொண்டான்!"

நான் ஒப்புக்கொண்டது நான் செய்யாத தப்பை. அவன் வேலைக்காக. இப்போது அது வேற ஏதோ ஒரு குற்றத்துக்கு வாக்குமூலம் ஆகிவிட்டது.

ஜூலை 26, சனி

தெரியாத நம்பர்களிலிருந்து நாற்பத்தொரு அழைப்பு. அதில் ஒன்றுகூட உமேஷ் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

அம்மா கோயிலுக்குக் கிளம்பும்போது கூட வா என்றாள். போனேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எப்போதும் என் முதுகில் தட்டுகிறவர்கள் செருப்பைத் தேடுவதில் மும்முரமாக இருந்தார்கள். பிரிட்டோ அங்கிள் மட்டும் வந்தார். கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "நம்ம ஆளுங்க சத்தமில்லாம இருந்துக்கணும் தம்பி. நமக்குன்னு ஒரு அளவு இருக்குல்ல?" என்றார்.

"எவ்வளவு அங்கிள் அளவு? ரெண்டு வரியே ஜாஸ்தியா?"

"இதோ, இதைத்தான் சொல்றேன்" என்றார்.

வழியெல்லாம் அம்மா எனக்கு முன்னாலேயே வேகமாக நடந்தாள். ஸ்கேன் சென்டரில் ஆயா வேலை பார்க்கிறவள். எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? வீட்டுக்கு வந்து முக்காட்டை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. சின்னவங்க பெரியவங்க யாரா இருந்தாலும் எழுந்து நின்னு பேசு. உன் வாயை வீட்டுலயே வச்சிட்டுப் போ."

ஜூலை 28, திங்கள்

எஸ்.ஐ. பெயர் கோகிலவாணி. முப்பத்தஞ்சு வயது இருக்கும். கெட்டவர் மாதிரி தெரியவில்லை. தூங்காதவர் மாதிரி தெரிந்தார். புகார் கொடுத்தவரும் இருந்தார், ஏதோ அமைப்பில் மாவட்டப் பொறுப்பு. வெள்ளைச் சட்டை. என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பெட்டி, கார்டு, சேவ் எல்லாவற்றையும் விளக்கினேன். ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டினேன். எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டார்.

"சரிப்பா. மறந்துபோய் அழுத்தாம விட்டியா, வேணும்னே அழுத்தாம விட்டியா?"

"மேடம், ரெண்டுக்கும் மெஷின்ல வித்தியாசம் கிடையாது. அழுத்தலைன்னா அழுத்தலை."

"மெஷினைக் கேக்கலை. உன் மனசுல என்ன இருந்துச்சு?"

"அதுக்கு என்ன மேடம் ஆதாரம் காட்ட முடியும்?"

"அதான். அதுக்கு உன் போஸ்ட்தான் ஆதாரம்ங்கறாரு சார்."

நான் அசந்துபோய்விட்டேன். அப்படியென்றால் இந்த நாட்டில் பிரதமரை ஒரு தடவை கேள்வி கேட்டவன் அதுக்கப்புறம் தப்பே செய்யக் கூடாதா? கேள்வி கேட்காதவனுக்கு மறதி. கேட்டவனுக்குச் சதி. இதை அங்கேயே சொல்லியிருப்பேன். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

மறுபடி கூப்பிட்டால் வரணுமாம். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

உமேஷ்தான் செய்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இப்போது சொன்னால் தப்பிக்க அடுத்தவனை மாட்டிவிடுகிறான் என்பார்கள். அதுவும் யாரை? பிரதமர் படத்தையே முகப்பில் வைத்திருக்கிறவனை.

அவனே வந்து சொல்வான். சொல்லுவான்ல?

ஜூலை 29, செவ்வாய்

சொல்லலை.

ஜூலை 31, வியாழன்

தாம்பரம் ரயில்வே ஸ்டேஷன் நடை மேம்பாலத்தில் உமேஷைப் பிடித்தேன். கிழக்கிலிருந்து மேற்குக்கு இறங்கப் போனான். என்னைப் பார்த்ததும் திரும்பினான். பின்னாலேயே போய்ச் சட்டையைப் பிடித்தேன். சாயங்காலக் கூட்டம், எல்லாரும் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"ஏன்டா போன் எடுக்கலை?"

"உன் போன்தான் ஸ்டேஷன்ல இருக்கே, நான் எங்க எடுக்கறது?" ஜோக் அடிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை.

"அம்மா போன்லேர்ந்து ஒன்பது தடவை அடிச்சேன்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தண்டவாளத்தைப் பார்த்தான். "நான் சொன்னா வேலை போயிடும்டா. மூணாவது தடவை. மிருதுளாவுக்கு நீர் கம்மியா இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. இந்த நேரத்துல..."

"என்னை உள்ள வைக்கப் பாக்கறாங்கடா. மறதிக்கு இல்ல. துரோகத்துக்கு."

"நானா உன்னைச் சொல்லச் சொன்னேன்?" என்றான். "நீயாதானே சொன்ன, 'நான்தான் சார்'னு. நான் கேட்டேனா? அந்த மாதிரி போஸ்ட் போட்டவன் இந்த மாதிரி இடத்துல ஜாக்கிரதையா இருந்திருக்கணும்ல?"

சட்டையை விட்டுவிட்டேன். அடித்திருந்தால்கூட இவ்வளவு திகைத்திருக்க மாட்டேன்.

வெள்ளத்தப்போ என்ன நடந்தது என்று அவனுக்கு ஞாபகமே இல்லையா? திரை வைக்கிற காலிப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டி மிதவையாக்கி, அவன் அப்பா சுந்தரராமன் சாரை மொட்டை மாடியிலிருந்து இறக்கி, மார்பளவுத் தண்ணீரில் நானும் அவனும்தானே தள்ளிக்கொண்டு போனோம்? ரெண்டு நாள் மருந்து இல்லாமல் இருந்தார் அந்த மனுஷன். மேலே ஹெலிகாப்டர் சுற்றியபோது அவர் துண்டை எடுத்து ஆட்டினார். அதைப் பார்த்துவிட்டுத்தானே அன்றைக்கு அந்த ரெண்டு வரியை எழுதினேன்? நான் எழுதினது உங்க அப்பாவுக்காகடா!

இதை அவனிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் வார்த்தை வந்தது.

ஆகஸ்ட் 2, சனி

இன்று நடந்ததை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். நானே இன்னும் நம்பவில்லை.

பதினோரு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து அம்மா போனுக்கு அழைப்பு. போனேன். உள்ளே உமேஷ் உட்கார்ந்திருந்தான். தானாகவே வந்தானாம். நேற்று மிருதுளா எல்லாவற்றையும் அவனிடமிருந்து வரவழைத்து, "நீ போய்ச் சொல்லலைன்னா நான் இந்த வயித்தோட போய்ச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டாளாம். இது பின்னால் தெரிந்தது. ஞானையா அண்ணனையும் கூட்டி வந்திருந்தான். அவர், "லேப்டாப்புல குந்திகினு இருந்தது இந்தத் தம்பிதான் மேடம். அந்தத் தம்பி அப்ப ரூமுல இருந்துச்சு. கரண்டை மாத்துனது நானு. புடிக்கணும்னா என்னையும் புடிச்சிக்குங்க" என்று சாட்சி சொன்னார்.

வெள்ளைச் சட்டைக்காரரும் இருந்தார்.

உமேஷின் குரல் உடைந்துவிட்டது. "நான்தான் சார் மறந்துட்டேன். அன்னிக்கு மனைவிக்கு ஸ்கேன். அவரை அப்படிப் பாத்ததும் எனக்கே உயிர் போயிடுச்சு. நான் அவரை எவ்வளவு..." போனை எடுத்து மேஜையில் வைத்தான். முகப்புப் படம்.

எஸ்.ஐ. படத்தைப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக்காரர் படத்தைப் பார்த்தார். அப்புறம் எழுந்தார், சத்தியமாக எழுந்தார், வந்து உமேஷின் தோளில் கை வைத்தார்.

"அட, விடு தம்பி. மனுஷன்னா மறக்கறதுதான். எத்தனாவது மாசம்?"

"ஏழு சார்."

"ராஜாவாட்டம் பிறப்பான் பாரு. டீ சொல்லுங்கம்மா தம்பிக்கு."

டீ வந்தது. ஒரு கிளாஸ் அவருக்கு. ஒரு கிளாஸ் உமேஷுக்கு. ஞானையா அண்ணனுக்குக்கூட ஒன்று.

அஞ்சு நிமிஷம். சுவரில் கடிகாரம் இருந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதே கரண்ட். அதே பட்டன். அதே எழுபது நொடி. எட்டு நாளாக நான் துரோகி. அஞ்சே நிமிஷத்தில் அது மறதி ஆகிவிட்டது. என்ன மாறியது? அழுத்தாத விரல் மாறியது. அவ்வளவுதானே?

சரி, எப்படியோ முடிந்தது என்று எழுந்தேன். போனைக் கேட்டேன்.

"உக்காரு. இவன் அந்தப் போஸ்டுக்கு மன்னிப்பு எழுதிக் கொடுக்கட்டும்" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

"சார், புகாரே திரையைக் கலைச்சதுக்குத்தானே? அதுதான் நான் இல்லைன்னு ஆயிடுச்சே."

"அது மெஷினோட தப்பு தம்பி. இது மனசோட தப்பு."

நான் எஸ்.ஐ.யைப் பார்த்தேன். அவர் ஃபைலைப் பார்த்தார். "எழுதிக் கொடுத்திட்டா மூடிடுவேன்ப்பா. இல்லைன்னா இது இங்கயே கிடக்கும். யாராவது கிளறும்போதெல்லாம் நீ வந்து நிக்கணும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உமேஷின் டீ அப்படியே ஆடை கட்டி இருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பேயைப் பார்த்தவன் மாதிரி.

வெளியே வந்ததும், வண்டி சாவியைப் போடத் தெரியாமல் போட்டுக்கொண்டே சொன்னான்: "டேய். கலைச்சது நான்டா. நான்தானே கலைச்சேன்?"

நான் நடந்தே கிளம்பினேன். அவன்மேல் கோபம் இன்னும் போகவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஸ்ரீரங்கன் சார் சேலையூர் ஆபீசுக்கு வரச் சொன்னார். கேம்ப் ரோடு டிராஃபிக்கில் அரை மணி நேரம் நின்றேன். யோசிக்க வேண்டாத அளவுக்கு யோசித்தேன்.

உமேஷை அவர் வேலையை விட்டு எடுக்கவில்லை. மூணாவது தடவை என்ற பேச்சே எழவில்லை. "பாவம், புகார் கொடுத்தவரே மன்னிச்சிட்டார்" என்றார். நல்லது. நான் அதுக்காகத்தானே பொய் சொன்னேன்?

பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். டைப் அடித்தே வைத்திருந்தார்கள்.

"மாண்புமிகு பிரதமர் அவர்களைப் பற்றி நான் வெளியிட்ட தேசவிரோதக் கருத்துக்கு மனமார வருந்துகிறேன்..."

"சார், இதுல தேசவிரோதம் எந்த வார்த்தை? தண்ணியா, மொட்டை மாடியா, இறங்கி வாங்கங்கறதா?"

"ஜெரோம், ஆர்க்யூ பண்ணாதே. எனக்கு நீ எழுதினதுல ஒண்ணும் தப்பாத் தெரியலை. எங்க தெருவுலயும் தண்ணி வந்தது. ஆனா எனக்கு நாலு வண்டி, பதினோரு பசங்க. பாதி வேலை கவர்மென்ட் ஃபங்ஷன். உன் பேர் பசங்க லிஸ்ட்ல இருந்தா உள்ளயே விட மாட்டேங்கறா. ஒரு கையெழுத்து. யாரு ஞாபகம் வச்சிக்கப் போறா?"

"நான் வச்சிப்பேன் சார்."

தலையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வரை டைம் என்றார்.

திரை கலைந்ததுக்கு நூறு கடிதம் எழுதித் தரத் தயார். அது என் வேலை, உமேஷ் செய்தாலும் சரிபார்க்க வேண்டியது நான். அந்தத் தாளில் திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போதுதான் மண்டையில் ஏறுகிறது. அவர்களுக்குத் திரை ஒரு பொருட்டே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அம்மாவோடு சண்டை.

"கையெழுத்துப் போட்டுத் தொலைடா. வெறும் பேச்சுதானே."

"வெறும் பேச்சுன்னா அவங்க எதுக்கும்மா அதை இவ்வளவு கஷ்டப்பட்டுக் கேக்கறாங்க?"

"உனக்கு என்ன, இந்த நாட்டுமேல பாசமே இல்லையான்னு கேக்கறாங்கடா வேலை செய்யற இடத்துல. நான் என்ன சொல்லட்டும்?"

அந்தக் கேள்விதான் பயமாக இருக்கிறது. தேசபக்தியை எதில் அளக்கிறார்கள்? வோல்ட்டுக்கு மீட்டர் இருக்கிறது. வீடு ஒழுகினால் ஒழுகுகிறது என்று சொல்கிறவன் வீட்டுக்கு எதிரியா? ஒழுகுகிற வீட்டில் படுத்துக்கொண்டு பிரமாதம் என்கிறவன்தான் பாசக்காரனா? நான் இந்த ஊரை விட்டு எங்கேயும் போக நினைத்ததில்லை. கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் துபாயில் இருக்கிறார்கள். நான் பாஸ்போர்ட் ஃபார்ம்கூட வாங்கவில்லை. இதையெல்லாம் எந்தப் பட்டனை அழுத்திக் காட்டுவது?

ஆகஸ்ட் 8, வெள்ளி

கையெழுத்துப் போடவில்லை. ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஸ்ரீரங்கன் சார் கையெடுத்துக் கும்பிட்டார். எதுக்குக் கும்பிட்டார்?

ஆகஸ்ட் 11, திங்கள்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு டிவி சர்வீஸ் கடையில் சேர்ந்திருக்கிறேன். நாள் முழுக்கச் சால்டரிங் புகை. வருகிறவர்கள் டிவியைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். நிம்மதி.

அம்மா இன்று தானாகவே சொன்னாள். ஸ்கேன் சென்டரில் ஒரு டாக்டரம்மா, உங்க பையன்தானா அது என்று கேட்டாராம். "ஆமா, என் பையன்தான். அவன் எழுதினது நிஜம்தான், நானும் அன்னைக்கு மாடியிலதான் இருந்தேன்னு சொன்னேன்" என்றாள். சொல்லிவிட்டுக் குழம்பில் உப்புப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடை லீவு. காலை தெருமுனையில் கொடி ஏற்றினார்கள். போகலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றேன். எப்போதும் மைக் செட் கட்டுவது நான்தான். இந்த வருஷம் கூப்பிடவில்லை. இங்கிருந்தே கேட்டது. மைக் விசிலடித்தது. போய்ச் சரிசெய்யக் கை பரபரத்தது.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு அம்மா அவள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது உமேஷ்தானே?"

உமேஷ் ஒரு ஸ்கூல் மைதானத்தில் திரை போட்டிருந்தான். திரை முழுக்கக் கொடி, ஒரு கோடு பிசகாமல். அந்தப் போட்டோவைப் போட்டு, அதன் கீழே எழுதியிருந்தான். ரெண்டு தடவை படித்தேன். எழுதினது அவன்தானா என்று பெயரை மறுபடி பார்த்தேன்.

"நான் இவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். இனிமேலும் இவருக்குத்தான் போடுவேன். ஆனா வெள்ளத்தப்போ எங்க அப்பா ரெண்டு நாள் மொட்டை மாடியில மருந்தில்லாம இருந்தாரு. உங்க ஹெலிகாப்டரைப் பாத்துத் துண்டை ஆட்டினாரு. நீங்க இறங்கி வந்திருக்கணும் சார். இதைச் சொன்னதுக்கு என் ஃப்ரெண்டுக்கு வேலை போச்சு. அன்னிக்கு திரையில உங்க முகத்தைக் கலைச்சது நான். எனக்கு டீ கொடுத்தாங்க."

மூணு மணிக்கு: "எவ்வளவு வாங்கின?" "இவனும் கைக்கூலிதான்." "இவனையும் உள்ள வைங்க."

அஞ்சு மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம். உமேஷ். சட்டைப் பையில் குத்தின சின்னக் கொடி, காலை நிகழ்ச்சியிலிருந்து அப்படியே. முகம் வெளுத்திருந்தது.

"மச்சான், மேடம் கூப்பிடறாங்க. உடனே வரச் சொல்லி. நான் என்னடா தப்பா எழுதிட்டேன்? கூட வர்றியா?"

ரெண்டு வாரமாக நாங்கள் பேசவில்லை. திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். "செருப்பு மாட்டிக்கிட்டு வரேன், இரு" என்று மட்டும்தான் வந்தது.

அவன் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. முகப்பில் அதே படம். "இதை மாத்தலையா நீ?"

"எதுக்கு மாத்தணும்?" என்றான். நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

பையிலிருந்து இன்னொரு கொடியை எடுத்தான். "ஸ்கூல் பிள்ளைங்க கொடுத்துச்சு. உனக்கும் ஒண்ணு கேட்டேன்." ஊக்கு வளைந்திருந்தது. நேராக்கிக் குத்திக்கொண்டேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. கோகிலவாணி சட்டையிலும் கொடி இருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் முன்னாலேயே வந்திருந்தார். அவர் சட்டையிலும் இருந்தது. உமேஷ் அவருக்கு வணக்கம் வைத்தான். அவர் காலண்டரைப் பார்த்தார்.

எஸ்.ஐ. எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். டீ வரவில்லை.